காலுக்குக் கீழே ரியோஹா

அக்டோபர் 4, வெள்ளி

வட ஸ்பெயினின் பில்பாவோவிலிருந்து ரியோஹா என்ற ஒயின் வட்டாரத்துக்குப் பயணம். கிளம்பும்போதே தூறல். விதோரியா தாண்டி மலை ஏறும்வரை வைப்பர் நிற்கவே இல்லை. இருபுறமும் பீச் மரக்காடு, மரமெல்லாம் பாசி. எர்ரேரா கணவாய் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். அதைத் தாண்டியதும் 'ரியோஹாவின் பால்கனி' என்று ஓர் இடம் வருகிறது. தம்பி வண்டியை ஓரங்கட்டினான். இறங்கிப் பார்த்தால் கீழே பளீரென்று வெயில். தொடுவானம்வரை திராட்சைத் தோட்டம், நடுவே எப்ரோ ஆறு, குன்றுக்கு ஒன்றாக ஊர்கள். திரும்பிப் பார்த்தேன். மேகம் முழுக்க மலை முகட்டில் தேங்கி நின்றது, பால் பொங்கி விளிம்போடு நிற்கிற மாதிரி.

"மழை அந்தப் பக்கம், ஒயின் இந்தப் பக்கம். அவ்வளவுதான் அக்கா இந்த ஊர்க் கதை" என்றான்.

உண்மைதான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரத்தை இந்தக் கந்தாப்ரியா மலைத்தொடர் தடுக்காவிட்டால் இங்கே கொடி அழுகிப்போகும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒயின் குடிப்பதில்லை. கொள்கை எல்லாம் இல்லை, ஒரு வாய் குடித்தாலே தலைவலி. "அப்புறம் அங்கே எதுக்குடி போறே?" என்று அம்மா போனில் கேட்டாள். நடக்க என்றேன். நம்பவில்லை.

தங்குவது லாகுவார்தியாவில். குன்றின் மேல் மதில் சூழ்ந்த ஊர். ஐந்து வாசல், நீளவாக்கில் மூன்று தெரு. 12ஆம் நூற்றாண்டில் நவார்ரா அரசர் ஆறாம் சாஞ்சோ எல்லைக் காவலுக்காக இதற்கு ஊர்ச் சாசனம் கொடுத்தார். காரை மதிலுக்கு வெளியேதான் விட வேண்டும். பழமையைக் காப்பாற்றத்தான் என்று நினைத்தேன். காரணம் அது இல்லை. தெருவுக்கு அடியில் குகைகள். ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு குடைந்து வைத்திருக்கிறார்கள், வண்டி ஏறினால் தாங்காது. கருங்கல் பாவிய தெருவில் என் சக்கரப்பெட்டி போட்ட சத்தத்துக்கே கீழே இருக்கிற பீப்பாய் எல்லாம் விழித்திருக்கும்.

ராத்திரி, தங்கியிருந்த வீட்டுக்காரம்மா தன் குகையைக் காட்டினார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும், எனக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கினார். குறுகலான படி, தலையில் இடிக்கிற கூரை. கீழே கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. கூரையிலிருந்து மேலே ஒரு புகைக்கூண்டு போனது. தூஃபெரா என்றார், காற்றோட்டத்துக்கான வழி. சாறு புளிக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாசனை கிடையாது. முன்பெல்லாம் அறுவடைக் காலத்தில் கையில் மெழுகுவத்தி இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்களாம். சுடர் அணைந்தால் திரும்பிப் பார்க்காமல் மேலே ஓடிவர வேண்டும். தம்பி மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு படி ஏறிவிட்டேன். இது பயன்பாட்டில் இல்லாத குகை, இங்கே எதுவும் புளிக்கவில்லை என்று அந்த அம்மா சிரித்தார்.

அக்டோபர் 5, சனி

காலையில் சாந்தா மரியா தே லோஸ் ரேயஸ் தேவாலயம். வெளியே பார்க்க சாதாரணச் சுவர். உள்ளே கூட்டிப்போய் விளக்கைப் போட்டார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கல்வாசல், முழுக்க வண்ணம். அப்போஸ்தலர்களின் அங்கியில் பூவேலைகூட அழியவில்லை. வண்ணம் 17ஆம் நூற்றாண்டில் பூசியது. வாசலுக்கு முன்னால் இன்னொரு சுவரை எழுப்பி மூடியதால் வெயிலும் மழையும் படாமல் தப்பித்திருக்கிறது. ஐரோப்பாவின் கல் தேவாலயங்கள் எல்லாமே ஒரு காலத்தில் இப்படித்தான் நிறம் நிறமாக இருந்திருக்கும் போல. சாம்பல் நிறத்தை அழகு என்று பழகிவிட்டோம்.

அப்புறம் ஏரிகளைச் சுற்றி நடந்தோம். ஊருக்குக் கீழே கர்ராலோக்ரோஞ்யோ, கர்ராவல்சேக்கா என்று இரண்டு. (தம்பி மூன்று முறை சொல்லிக் கொடுத்தான்.) தண்ணீர் வர வழி உண்டு, வெளியேற வழி இல்லை. கோடையில் வற்றி, அடியில் உப்பு வெள்ளையாகப் படிகிறது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் உப்பங்கழிச் செடி! சதைப்பற்றான தண்டு, கிள்ளி வாயில் போட்டால் கரிக்கும் போலிருந்தது. போடவில்லை, பாதுகாக்கப்பட்ட இடம். இருபது அடி தள்ளித் திராட்சை நிற்கிறது, அதற்கு இந்த உப்பைப் பற்றிக் கவலையே இல்லை.

மூன்றாவது ஏரி, ப்ராவோ தே லா பால், நன்னீர். அணை கட்டித் தேக்கியது. பறவை பார்க்க மரக்குடில் இருக்கிறது. வாத்துகள் தெரிந்தன. பெயர் தெரிந்த அளவு அவ்வளவுதான்.

இரவு கொடிக்குச்சித் தணலில் சுட்ட ஆட்டுக்குட்டி விலா. குளிர்காலத்தில் கவாத்து செய்த குச்சிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைத்து இதற்கென்றே எரிக்கிறார்கள். சட்டென்று பற்றி, சட்டென்று தணலாகிவிடுகிறது. குடிக்க எனக்கு மோஸ்தோ, அதாவது புளிக்காத திராட்சைச் சாறு. பாரில் கேட்டால் ஒருவரும் மேலும் கீழும் பார்ப்பதில்லை, பனிக்கட்டியும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு மரியாதையாகத் தருகிறார்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

எல்வில்யார் கிராமத்துக்குப் பக்கத்தில் 'சூனியக்காரியின் குடிசை'. குடிசை இல்லை, கல்திட்டை. 5,000 ஆண்டுகளுக்கும் முந்தையது. பலகைக்கற்களை நட்டு அறை, மேலே பெரிய மூடுகல், உள்ளே நுழைய ஒரு வழி. சுற்றிலும் கொடி.

ஆனால் இன்றைக்கு மனதில் நிற்பது கல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அறுவடை. மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் எல்லார் கையிலும் தெரிந்தது. வளைந்த சின்னக் கத்தி, குனிந்தபடியே வெட்டு, பெட்டியில் போடு, அடுத்த கொடி. இங்கே பழைய கொடிகளுக்குப் பந்தல் கிடையாது, கம்பி கிடையாது. முழங்கால் உயரத்தில் முறுக்கிய கட்டையாகத் தனியே நிற்கும். அதனால் நாளெல்லாம் குனிய வேண்டும். நான் பத்து நிமிடம் பார்த்ததற்கே இடுப்பு வலித்தது. நடுவில் ஒரு கல் குடில், சுண்ணாம்பு இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி. காவலாளி தங்கவும் மழைக்கு ஒதுங்கவும் கட்டியது.

வேலைசெய்த ஒருவர் கூப்பிட்டு ஒரு குலையை நீட்டினார். தெம்ப்ரானில்யோ. 'சீக்கிரம்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர், சீக்கிரம் பழுப்பதால். சிறிய பழம், தடித்த தோல், உள்ளே விதை, அப்படி ஓர் இனிப்பு. விரல் ஊதா ஆகிவிட்டது. மீதியை என் டிபன் டப்பாவில் போட்டு மூடினேன். தம்பி அதன் மேல் பையை வைத்தான்.

அக்டோபர் 7, திங்கள்

சான் விசென்தே தே லா சொன்சியெர்ரா. கோட்டை, எப்ரோ மேல் பழைய பாலம், படமெடுக்கத் தோதான ஊர். எனக்கு அதைவிட ஊருக்கு வெளியே கிடக்கும் பாறைகள்தான் வேண்டும். வெட்டவெளிப் பாறையைக் குடைந்து ஒரு ஆழமில்லாத தொட்டி, அதிலிருந்து ஒரு வாய்க்கால், கீழே ஒரு குழி. தொட்டியில் பழத்தைக் கொட்டி மிதித்தால் சாறு குழிக்கு வரும். பக்கத்தில் அழுத்துமரம் செருகிய துளை. பீப்பாயோ கூரையோ இல்லாத ஆலை. இந்த வட்டாரத்தில் இப்படி நிறைய இருக்கின்றன, இன்று மழைத்தண்ணீர் நிறைந்து வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

அங்கிருந்து சாந்தா மரியா தே லா பிஸினா. 12ஆம் நூற்றாண்டுச் சிறு தேவாலயம். அருகே பாறையில் குடைந்த கல்லறைகள், தலைக்கும் தோளுக்கும் அளவெடுத்துச் செதுக்கியவை. அவற்றிலும் மழைத்தண்ணீர். தொட்டி எது, கல்லறை எது என்று ஒரு கணம் தடுமாறிவிட்டேன். அதே பாறை, ஒரே மாதிரி உளி. சில மிகவும் சிறியவை. தம்பி வளவளவென்று பேசுகிறவன், அந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

ஊர் திரும்பும் வழியில் ஆரோ. எழுத்தில் முன்னால் ஹ உண்டு, வாயில் கிடையாது. ரயில் நிலையத்தைச் சுற்றியே பெரிய ஒயின் நிறுவனங்கள்: லோபஸ் தே எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890. நிலையத்தை ஒட்டி ஏன்? பிரான்சில் ஃபிலாக்செரா என்ற பூச்சி வேரை உறிஞ்சிக் கொடிகளை அழித்தபோது, போர்தோ வியாபாரிகள் சரக்குத் தேடி இங்கே வந்தார்கள். ரயில் 1863இலேயே வந்துவிட்டது. பீப்பாயை உருட்டினால் நேராகப் பெட்டியில் ஏற்றலாம். பணம் கொட்டியது, 1890இல் தெருவுக்கு மின்விளக்கே வந்தது. "ஆரோ வந்தாச்சு, விளக்கு தெரியுது" என்று இன்றும் ஒரு சொலவடை.

1899இல் அந்தப் பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது. அதன் கடியைத் தாங்குவது அமெரிக்கக் கொடியின் வேர் மட்டுமே என்பதால் அதன் மேல் ஒட்டுக்கட்டினார்கள், இன்றுவரை அப்படித்தான். நான்கு நாளாக நான் பார்த்து வியந்த கொடிகளில் பெரும்பாலானவை மண்ணுக்கு மேலேதான் ஸ்பெயின். அடியில் அமெரிக்கா.

தம்பி இரண்டு புட்டி வாங்கினான். மாலை பில்பாவோவில் பையைப் பிரித்தபோதுதான் டிபன் டப்பா நினைவு வந்தது. மூடி உப்பியிருந்தது. திறந்ததும் புஸ்ஸென்று ஒரு சத்தம். நசுங்கிய பழம், நுரை, அந்தக் குகையில் தேடியும் கிடைக்காத ஒரு வாசனை.

"அக்கா, அம்மாவுக்குப் போன் போடட்டுமா?" என்றான்.