சால்வடோரில் ஒரு குட்டி கிடார்

விசித்திரமான கிடார் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சீப் டிரிக் குழுவின் ரிக் நீல்சன் தோளில் தொங்கும் ஐந்து கழுத்து கிடார்தான். அடுத்தது லெட் செப்பலின் ஜான் பால் ஜோன்ஸுக்கு ஆண்டி மேன்சன் செய்து கொடுத்த மூன்று கழுத்து வாத்தியம். அதில் ஒரு கழுத்து மேண்டலின், ஒன்று பன்னிரண்டு தந்தி, இன்னொன்று ஆறு தந்தி. பார்த்ததும் தோள் வலிக்குமே என்றுதான் தோன்றும். பிரேசிலின் சால்வடோரில் நான் பார்த்தது நேர் எதிர், குழந்தைக்கு வாங்கிய பொம்மை கிடார் மாதிரி இத்தனூண்டு இருந்தது.

வேலை விஷயமாக சாவோ பாவ்லோ போயிருந்தேன். கார்னிவல் என்ற தெருத் திருவிழா நடக்கும் வாரத்தில் அலுவலகத்தில் ஒரு ஆள் இருக்க மாட்டார் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அறையில் சும்மா கிடப்பானேன் என்று விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் சால்வடோர். மேல் ஊர், கீழ் ஊர் என்று நகரமே இரண்டு அடுக்கு. நடுவே 72 மீட்டர் உயரத்துக்கு லசெர்டா லிஃப்ட், 1873 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருமுனையில் வெள்ளை உடுத்திய அம்மாக்கள் அகராஜே சுட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டைப்பயறை ஊறவைத்து அரைத்து, சிவந்த பனையெண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். சந்தேகமே இல்லை, வடைதான். ஆனால் நடுவில் பிளந்து இறாலைத் திணித்துக் கொடுப்பதால் நம் ஊர் வடை கொஞ்சம் முகம் சுளிக்கலாம்.

சாயங்காலம் காஸ்ட்ரோ ஆல்வெஸ் சதுக்கத்துப் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். நம் தேர் மாதிரிதான், ஆடி அசைந்து ஒரு லாரி வந்தது, உடம்பு முழுக்க ஸ்பீக்கர், உச்சியில் மேடை. சில லாரிகளைச் சுற்றி ஆட்கள் கயிறு பிடித்து நடக்கிறார்கள், காசு கொடுத்து அவர்களின் சட்டை வாங்கியவர்களுக்குத்தான் கயிற்றுக்குள் இடம். வெளியே குதிக்கிற எங்களைப் போன்றவர்களுக்குப் பெயர் ‘பாப்கார்ன்’, எவ்வளவு சரியான பெயர் என்று ஐந்தாவது நிமிடமே புரிந்தது, அதற்குள் இடது கால் செருப்பு போய்விட்டது. செருப்பைத் தேடிக் குனிந்தபோதுதான் மேலிருந்து அந்தச் சத்தம் வந்தது. எலெக்ட்ரிக் கிடாரின் கரகரப்பு இருக்கிறது, ஆனால் சுருதி எங்கோ உயரத்தில். நிமிர்ந்து பார்த்தேன், லாரி உச்சியில் ஒருவர் கையில் அந்தக் குட்டி கிடார். அப்பாவின் கேசட் அலமாரியில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த மேண்டலின் ஸ்ரீனிவாஸ்தான் உடனே நினைவுக்கு வந்தார்.

அதன் பெயர் கிட்டாஹா பயானா, அதாவது பாஹியா மாநிலத்துக் கிடார். கதை 1940களின் தொடக்கத்தில் இதே ஊரில் ஆரம்பிக்கிறது. டோடோ ரேடியோ மெக்கானிக், ஒஸ்மார் இரும்புப் பட்டறைக்காரர், இருவருக்கும் வாசிப்பில் பித்து. அந்த நாளில் கிடாருக்குள் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி, வைத்து மின்சாரத்தில் வாசித்தால் சத்தம் கூட்டியவுடன் ஊளையிடும். ஸ்பீக்கர் சத்தம் பெட்டியை அதிர வைக்க, அந்த அதிர்வை பிக்கப் மறுபடி எடுத்துக்கொள்ள, அது சுற்றிச் சுற்றி வளர்ந்து கீ என்று கத்தும். கோயில் விழாவில் மைக் செட்காரர் ஓடுவாரே, அதே வியாதி. இவர்கள் கனமான மரப்பலகையில் ஒரு தந்தியை இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள். ஊளை நின்றுவிட்டது. அப்போ பெட்டியே வேண்டாம் என்று கட்டையிலேயே கழுத்தைப் பொருத்தினார்கள். வைத்த பெயர் பாவ் எலெட்ரிகோ, மின்சாரக் கட்டை. ஒஸ்மார் வாசித்தது கவாக்கீன்யோ என்ற குட்டி நான்கு தந்தி வாத்தியம். ஆனால் அதற்கு மேண்டலினின் சுருதிதான் வைத்திருந்தார். உருவம் கவாக்கீன்யோ, சுருதி மேண்டலின், வேலை எலெக்ட்ரிக் கிடார். கலப்பு என்றால் இதுதான் கலப்பு.

1950 கார்னிவலில் 1929ஆம் வருடத்து ஃபோர்டு கார் ஒன்றில் ஸ்பீக்கர் கட்டி இருவரும் தெருவில் இறங்கினார்கள். அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி கட்டை கிடாரைக் கடைக்குக் கொண்டுவந்ததும் அதே 1950தான், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த வருடம் மூன்றாவது ஆள் சேர்ந்தார், ட்ரியோ எலெட்ரிகோ என்று பெயர் வந்தது, மின்சார மூவர். இன்று அந்தப் பெயர் ஆட்களை விட்டுவிட்டு லாரிக்குப் போய்விட்டது, மேலே முப்பது பேர் ஏறினாலும் அது ‘மூவர்’தான். கார்னிவல் போகும் கடற்கரைப் பாதைக்கு டோடோ என்றும், பழைய ஊர்ப் பாதைக்கு ஒஸ்மார் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு ரேடியோ மெக்கானிக்குக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதை ராக் பக்கம் இழுத்தவர் ஒஸ்மாரின் மகன் அர்மாந்தீன்யோ. அமெரிக்க ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைக் கேட்டு வளர்ந்த கை. அ கோர் டு சோம் என்ற ராக் குழுவோடு 1978இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ இசை விழா வரைக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போனார். கிட்டாஹா பயானா என்ற பெயரும் அவர் வைத்ததுதான், கீழ் சுருதியில் ஐந்தாவது தந்தியைச் சேர்த்ததும் அவரே. ஐந்து என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது. ஸ்ரீனிவாஸும் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு, ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி மாட்டிய எலெக்ட்ரிக் மேண்டலினில்தானே கமகத்தைக் கொண்டுவந்தார்! ஒருத்தருக்கு லாரி மேலிருந்து தெரு முழுக்கக் கேட்க வேண்டும், இன்னொருத்தருக்கு ஒரு ஸ்வரம் அறுபடாமல் நீள வேண்டும். தேவை வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று.

மறுநாள் விடுதிக்காரர் சொன்ன வழியில் ஒரு சரிவில் இறங்கி, வாத்தியம் செய்யும் பெரியவர் ஒருவரின் பட்டறைக்குப் போனேன். எனக்குப் போர்த்துகீசியம் வராது, அவருக்கு வேறு எதுவும் வராது. ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். தூக்கினால் எடையே இல்லை, விரல் வைக்க இடமும் இல்லை, கட்டங்கள் அவ்வளவு நெருக்கம், என் தடித்த விரலுக்கு எல்லாமே தப்பாகத்தான் விழுந்தது. நல்லவேளையாக அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

அப்புறம் என் போனில் ஸ்ரீனிவாஸின் ஆலாபனை ஒன்றைப் போட்டேன். பெரியவர் உளியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை விரித்து, ஐந்தா என்பது போலக் காட்டினார். ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே தன் கருவியை எடுத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அந்த அசைவைப் பிடிக்கப் பார்த்தார். முதல் தடவை கிட்டத்தட்ட வந்தது. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் இழுத்தார், பட்டென்று மேல் தந்தி அறுந்துவிட்டது. இருவரும் சிரித்தோம். தந்திக்குக் காசு கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார், இழுப்பறையில் வேறு தந்தியைத் தேடிக்கொண்டே போனைக் காட்டி, இன்னொரு தடவை போடு என்றார்.