நான்கு கிலோமீட்டர் கம்பியின் முனையில் ஒரு மோடம்

எங்கள் வீட்டுக்கும் தொலைபேசி நிலையத்துக்கும் நடுவே செப்புக் கம்பி ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஓடி வருகிறது. எங்கள் இணைய வேகத்தை முடிவு செய்வது இந்தத் தொலைவுதான் என்று புரிவதற்குள் நான் இரண்டு மோடங்களை மாற்றிவிட்டேன். எதை மாட்டினாலும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட்டைத் தாண்டவில்லை. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் நிற்கவில்லை. இதே தவிப்பில் இருக்கும் வேறொருவர் என்னைப் போலப் பணத்தை விரயம் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மோடப் பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் 300, 1200 போன்ற எண்கள் வைஃபையின் வேகத்தைக் குறிப்பவை. அவற்றுக்கும் கம்பியில் வரும் வேகத்துக்கும் தொடர்பே இல்லை. தொலைபேசிக் கம்பியில் இணையம் தரும் ஏடிஎஸ்எல் நுட்பத்தின் மேம்பட்ட வடிவமான ஏடிஎஸ்எல்2 பிளஸ் முறையில் 24 மெகாபிட் வரை கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது நிலையத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு. அந்த முறை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளைப் பயன்படுத்தி வேகத்தைக் கூட்டுகிறது. கம்பி நீள நீள முதலில் தேய்ந்து மறைவதும் அந்த உயர் அலைவரிசைகளே. எங்களைப் போன்ற தொலைவில் பழைய ஏடிஎஸ்எல்லைவிட அதனால் பெரிய பயன் கிடைப்பதில்லை. இன்னும் உயர்ந்த அலைவரிசைகளை நம்பியிருக்கும் விடிஎஸ்எல் மோடம் வாங்கினால் வேகம் கூடிவிடும் என்று நம்புவதும் வீண்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் கம்பியின் நிலவரம் முழுமையாகத் தெரிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அங்கே இரண்டு எண்கள் முக்கியமானவை. அட்டெனுவேஷன் என்பது வழியில் சமிக்ஞை எவ்வளவு தேய்ந்தது என்பதைக் காட்டும். எங்களுக்கு அது 55 டெசிபெல், அதை எந்த மோடமும் மாற்றாது. நாய்ஸ் மார்ஜின் என்பது இரைச்சலைத் தாங்கிக்கொள்ள மிச்சமிருக்கும் இடம். பெரும்பாலும் 6 டெசிபெல்லை வைத்துக்கொண்டு மோடம் இணைப்பை ஏற்படுத்தும். அது சுழியை நெருங்கும்போது இணைப்பு அறுபடும். நீண்ட கம்பியில் நல்ல மோடம் என்பது மார்ஜின் இறங்கும்போதும் பிடியை விடாமல் நிற்பது. இது உள்ளே இருக்கும் சிப்பையும், நிலையத்தில் உள்ள கருவியோடு அது ஒத்துப்போவதையும் பொறுத்தது என்பதால், அதே நிலையத்தின் கடைசி வீடுகளில் எந்த மோடம் தாக்குப்பிடிக்கிறது என்று விசாரிப்பது எந்த விளம்பரத்தையும்விட மேல். மோடத்தை பிரிட்ஜ் நிலையில், அதாவது கம்பி இணைப்பை மட்டும் கவனிக்கும்படி வைத்து, வைஃபைக்குத் தனி ரூட்டர் போட முடியுமா என்றும் பாருங்கள்.

மூன்றாவது மோடத்திலும் மார்ஜின் 6-க்கும் 2-க்கும் நடுவே ஊசலாடியபோதுதான் எனக்கு வீட்டு ஒயரின்மேல் சந்தேகம் வந்தது. மோடத்தைத் தூக்கிக்கொண்டு போய், கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே நேரடியாக மாட்டிப் பார்த்தேன். மார்ஜின் 6-ஐ விட்டு அசையவில்லை, வேகம் 2.7 மெகாபிட்டுக்கு ஏறியிருந்தது. பிறகு சுவரோடு போகும் ஒயரை அடி அடியாகத் தடவிக்கொண்டே வந்ததில், ஜன்னல் மூலையில் எப்போதோ யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு அகப்பட்டது. டேப்பை உரித்தால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது; விரல் பட்டதும் ஒரு இழை பொடிந்து கையோடு வந்துவிட்டது. ஈரம் பட்டபோதெல்லாம் இணைப்பு போனதற்கு அதுவே காரணம். பயன்பாட்டில் இல்லாத பின்னறைக்குப் போன கிளைக் கம்பியையும் கழற்றினேன். முனையில் எதுவும் இல்லாத கிளை சமிக்ஞையை எதிரொலித்துக் கெடுக்கும். பேச்சையும் இணையச் சமிக்ஞையையும் பிரிக்கும் ஃபில்டரைத் தொலைபேசிக் கருவிக்குப் புதிதாகப் போட்டேன். மோடம் வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

இன்னொன்று, வேகம் குறைந்தவுடன் மோடத்தை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். பல நிறுவனங்களின் தானியங்கி மேலாண்மை அதைக் கம்பியின் கோளாறாகக் கணக்கிட்டு வேகத்தை இன்னும் குறைத்துவிடும்.

இனி இருப்பதை வைத்துச் சமாளிப்பது. ஏடிஎஸ்எல்லில் தரவு பெரும்பாலும் 53 பைட் துண்டுகளாகப் போகிறது, அதில் 5 பைட், துண்டு போக வேண்டிய வழியைச் சொல்லும் தலைப்புக்கே சரி. எல்லாம் கழித்தால் எங்களுக்கு ஒரு ஜிகாபைட் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகவே மென்பொருள் புதுப்பிப்புகளை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டேன். ஆனால் வீட்டில் எல்லோரையும் வதைத்தது பதிவேற்றம்தான். யாராவது ஒருவருடைய கைபேசி படங்களை மேலே அனுப்பத் தொடங்கினால், மோடத்தில் அனுப்பக் காத்திருக்கும் தரவின் வரிசை நிரம்பி, மற்றவர்கள் ஒரு பக்கத்தைத் திறக்கவே பல வினாடிகள் காத்திருக்க நேர்ந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரூட்டரில், இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதியை இயக்கி, மேலேற்றும் வேகத்தையும் இறக்கும் வேகத்தையும் கம்பி தரும் வேகத்தில் 85 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தினேன். வரிசை இப்போது மோடத்தில் தேங்குவதில்லை. ரூட்டர் ஒவ்வொருவருக்கும் முறை வைத்து அனுப்புகிறது. நேற்று மாலை அடைமழையில் மகள் இணையவழி வகுப்பில் இருந்தாள், அடுத்த அறையில் என் கைபேசி நூறு படங்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. ஆசிரியரின் குரல் ஒருமுறைகூட விட்டுப் போகவில்லை என்றாள்.