பல் கட்டப் போனேன், முதலில் கிளிப் போட்டார்கள்

கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு 6 வருடம் அப்படியே விட்டிருந்தேன். சிரித்தால் தெரியாத பல். வலியும் இல்லை. வலது பக்கம் மென்றுகொண்டால் போயிற்று என்று ஓர் அலட்சியம். ஒருவழியாக இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் ஸ்க்ரூ பதித்து அதன்மேல் கட்டும் பல், வைத்துக்கொள்ளலாம் என்று போனால், எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், "பல் வைக்க இடமே இல்லையே" என்றார்.

பல் இல்லாத இடத்தில் இடம் இல்லையா என்று குழம்பினேன். படத்தில் காட்டினார். பின்னால் இருந்த பல், காலி இடத்தைப் பார்த்துச் சாய்ந்து படுத்திருந்தது. மேல்வரிசைப் பல்லுக்குக் கீழே முட்டுக்கொடுக்க ஆள் இல்லாததால் அதுவும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிடுங்கிய இடத்தில் எலும்பும் மெலிந்திருந்தது. வேலை இல்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்வதில்லையாம்.

பிரிட்ஜ் போட்டுவிடலாமே என்றேன். அதற்கு இரண்டு பக்கப் பல்லையும் அரைத்துச் சிறிதாக்கி மூன்றுக்கும் சேர்த்து ஒரே கேப் மாட்ட வேண்டும். படுத்திருக்கும் பல்லை அதற்குத் தோதாக அரைத்தால் நரம்பு வரை போய்விடலாம், அப்புறம் அதற்கு வேர் சிகிச்சை. நல்ல பல்லைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. கழற்றி மாட்டும் செட்டும் ஒரு வழிதான். ஆனால் தினமும் கழற்றிக் கழுவும் பொறுமை எனக்கு இல்லை.

ஆகவே 43 வயதில் கிளிப். அந்தப் பக்க வரிசைக்கு மட்டும். சாய்ந்த பல்லை நிமிர்த்த, எலும்பில் குட்டி ஸ்க்ரூ ஒன்றைப் பதித்து அதைப் பிடிமானமாக்கினார்கள். கம்பியை முடுக்கிய ஒவ்வொரு முறையும் மூன்று நாள் பல் கூசும். கம்பி முனை கன்னத்தைக் கீறினால் மெழுகை உருட்டி ஒட்டிக்கொள்வேன். வலியைவிட, பள்ளிப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்ததுதான் கூச்சமாக இருந்தது.

இம்ப்ளான்டை வைத்துவிட்டு அப்புறம் கிளிப் போட்டால் என்ன என்றும் கேட்டுப் பார்த்தேன். முடியாது. நம் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கிளிப் தரும் அழுத்தத்தில் பல் நகர்வது அதனால்தான். இம்ப்ளான்டுக்கு அது கிடையாது, நேராக எலும்போடு பிணைந்துவிடும். வைத்த இடம் வைத்த இடம்தான். இந்தப் பிணைப்பைக் கண்டுபிடித்ததே தற்செயல். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் பிரோனெமார்க் 1952 வாக்கில் முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவியைப் பதித்திருக்கிறார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் வரவே இல்லை. முதல் நோயாளிக்குப் பல் இம்ப்ளான்டை 1965ல் வைத்தார்.

9 மாதத்தில் பல் நிமிர்ந்தது. இறங்கியிருந்த மேல்பல்லை லேசாகத் தேய்த்துச் சரிசெய்தார்கள். அடுத்து ஸ்கேன். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கும் இம்ப்ளான்ட் ஸ்க்ரூவுக்கும் நடுவே 2 மில்லிமீட்டராவது விட வேண்டும், பட்டுவிட்டால் உதடு மரத்தே போகலாம். பல்லைப் பிடுங்கிய அன்றைய வலியைவிட இம்ப்ளான்ட் வைத்த வலி குறைவு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஊசி போட்டபின் அதிர்வு மட்டும்தான். துளை போடும்போது தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 47 டிகிரியில் ஒரு நிமிடம் சூடானாலே எலும்பு கெட்டுவிடுமாம். மெலிந்த பக்கத்தில் எலும்புத்தூள் வைத்துத் தையல் போட்டார்கள். இரண்டு நாள் கன்னம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் 5 மாதம் வெறும் காத்திருப்பு. நிமிர்த்திய பல் மறுபடி சாயாமல் இருக்கக் கம்பியும் கூடவே இருந்தது. பிறகு ஈறைத் திறந்து, அளவெடுத்து, ஸிர்கோனியா என்ற பீங்கான் கேப்பைத் திருகி முடுக்கினார்கள்.

மெல்லுகிறேன், நன்றாகவே. ஆனால் அந்தப் பல்லுக்கு உணர்ச்சி இல்லை. கடினமாக எதையாவது கடித்தால் மேல்பல்தான் எனக்குத் தகவல் சொல்கிறது. வலிக்காது என்பதால் ஈறில் ரத்தம் கசிகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் குட்டி பிரஷ்ஷை இடுக்கில் விட்டுத் தேய்க்கிறேன். கழற்றிக் கழுவும் பொறுமை இல்லை என்றவன் இப்போது இதற்குத் தினமும் 5 நிமிடம் செலவழிக்கிறேன்.