அழிக்காமல் வைத்த அளவீடு

மானாமதுரைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரின் நடுநிலைப்பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக 14 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் நான் ஒருத்தியே அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளிக்குத் தனி ஆய்வகம் கிடையாது. எட்டாம் வகுப்பறையின் மூலையில் நிற்கும் இரும்பு பீரோவில் இரண்டு வெப்பநிலைமானிகள், சில லென்சுகள், காந்தங்கள், ஓர் அளவு உருளை, சில சோதனைக் குழாய்கள் ஆகியவை இருக்கின்றன. மற்றவற்றை மளிகைக் கடையிலிருந்தும் வீட்டுச் சமையலறையிலிருந்தும் வாங்கிக்கொள்கிறோம். மஞ்சள் தடவிய தாளில் சுண்ணாம்பு நீர் பட்டதும் அது சிவப்பதையும், எலுமிச்சைச் சாறு பட்டால் பழைய மஞ்சளுக்குத் திரும்புவதையும் பார்க்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் வியப்புக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படுவதில்லை.

வகுப்பறைச் செயல்பாடும் அறிவியல் கண்காட்சியும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள் என்றே என் பணியின் தொடக்க ஆண்டுகளில் எண்ணியிருந்தேன். செயல்பாடு என்பது பாடத்தை விளக்குவதற்கு. கண்காட்சி என்பது பள்ளியின் பெயரை விளங்கச் செய்வதற்கு. அந்த எண்ணத்தோடுதான் ஓர் ஆண்டு, இரண்டு மருந்தூசிக் குழல்களை நெகிழிக் குழாயால் இணைத்து, தண்ணீர் நிரப்பி, பாஸ்கல் விதியை விளக்கும் நீரியல் பளுதூக்கி ஒன்றைச் செய்தேன். மாணவர்கள் செய்யவில்லை, நான் செய்தேன். தெர்மாக்கோலை அறுத்தது, வண்ணத்தாள் ஒட்டியது, விளக்க அட்டை எழுதியது எல்லாம் என் கைகள்தான். விளக்கவுரையை ஒரு மாணவிக்கு மனப்பாடம் செய்வித்தேன். ஒன்றிய அளவிலான கண்காட்சியில் அவள் தடையில்லாமல் பேசினாள். கேட்டு முடித்த நடுவர், "சின்னக் குழலின் தண்டை நாலு சென்டிமீட்டர் அழுத்தினால், பெரிய குழலில் எத்தனை சென்டிமீட்டர் உயரும்மா?" என்று மிக மென்மையாகக் கேட்டார். ஓர் அளவுகோல் இருந்தால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடக்கூடிய விடை அது. அந்தப் பெண் மாதிரியைத் தொட்டுப் பார்த்து உடையாமல் தூக்கி வரப் பழகியிருந்தாளே தவிர, அளந்து பார்த்ததில்லை. அவள் நடுவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். பெரிய குழலில் தண்டு குறைந்த தூரமே நகரும், அந்தத் தூர இழப்புக்கு ஈடாகத்தான் விசை கூடுகிறது என்ற அந்தக் கருவியின் உயிரான செய்தியை அவள் தானே கண்டுகொள்ளும் வாய்ப்பை நான் பறித்திருந்தேன். பரிசு பெற்றுத் திரும்பிய அந்த மாலையில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

அதன் பிறகு என் வகுப்பு உடனே மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. மாற்றியது ஒரு தனி ஊசல் செயல்பாடு. எட்டாம் வகுப்பு மாணவர்களை ஆறு குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு நூலும் கல்லும் கொடுத்து, ஜன்னல் கம்பியில் 1 மீட்டர் நீளத்தில் கட்டித் தொங்கவிடச் செய்து, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் கைக்கடிகாரத்தால் குறிக்கச் சொன்னேன். ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 வினாடி. எனவே 20 அலைவுகளுக்கு 40 வினாடி வர வேண்டும். மூன்று குழுக்களுக்கு 40, 41, 40 என்று வந்தது. ஒரு குழு 39 எழுதியது. ஒரு குழுவுக்கு 20 வந்தது; போவதை ஓர் அலைவாகவும் வருவதை இன்னோர் அலைவாகவும் எண்ணியிருந்தார்கள் என்பதை அவர்களே சிறிது நேரத்தில் கண்டுகொண்டார்கள். ஆறாவது குழுவின் நோட்டிலும் 40 என்றுதான் இருந்தது. ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே தாள் நைந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அழிக்கப்பட்ட எண் 38 என்று தெரிந்தது.

"ஏன் அழித்தீர்கள்?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் நாப்பது வந்திருச்சு டீச்சர், எங்களுக்கு மட்டும் தப்பா வந்துச்சு" என்றான் ஒருவன். மீண்டும் ஒரு முறை எனக்கு முன்னால் செய்யச் சொன்னேன். கல்லைக் கையிலிருந்து விட்ட அந்த நொடியிலேயே அவன் "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கினான். விடும்போது சுழியம் என்றுதான் தொடங்க வேண்டும். ஒன்று என்று தொடங்கினால், இருபது என்று சொல்லும் நேரத்தில் 19 அலைவுகளே முடிந்திருக்கும். 19 அலைவுகளுக்கு 38 வினாடி. அவர்களுடைய அளவீட்டில் பிழையே இல்லை. எண்ணிக்கையின் தொடக்கத்தில்தான் பிழை இருந்தது, அந்தப் பிழையை நமக்குக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே சான்று அந்த 38 மட்டுமே. அதை அழித்தபோது, அன்றைய வகுப்பில் கற்கக் கிடைத்த மிக நல்ல பாடத்தை அழித்திருந்தார்கள். அழிக்கச் சொல்லிப் பழக்கியது நாங்கள்தான். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டுக்கே நல்ல மதிப்பெண் தருகிறோம். புத்தகத்து விடையோடு பொருந்தும் விடைக்கே தலையசைக்கிறோம்.

மறுநாளிலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது. செயல்பாட்டு நோட்டில் அழிப்பானைப் பயன்படுத்தக் கூடாது. அளவீடு தவறு என்று தோன்றினால், படிக்கும்படியாக ஒற்றைக் கோடு இழுத்துவிட்டு, புதிய அளவீட்டைப் பக்கத்தில் எழுதி, மாற்றியதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் தெரியாவிட்டால் கோடும் இழுக்கக் கூடாது. பள்ளிப் பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர் அந்த நோட்டுகளைப் புரட்டிவிட்டு, கையெழுத்துப் பயிற்சி போதவில்லை என்று குறிப்பெழுதிச் சென்றது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வழக்கத்தை விடவில்லை.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஆறு முதல் எட்டு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்காக வானவில் மன்றத்தைத் தொடங்கியது எங்களைப் போன்ற பள்ளிகளுக்குப் பெரிய துணை. கருத்தாளர்கள் எளிய பொருள்களோடு பள்ளிக்கே வந்து சோதனைகளைச் செய்து காட்டுகிறார்கள். ஆனால் நான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புவது அதற்குப் பிந்தைய ஒரு கண்காட்சித் தயாரிப்பைப் பற்றி.

அந்த ஆண்டு தலைப்பை நான் தரவில்லை. ஆவியாதல் பாடத்தின்போது, மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்ற வழக்கமான கேள்விக்கு வழக்கமான விடையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் வெளிப்பரப்பில் ஆவியாகிறது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அப்போது ஒரு மாணவி எழுந்து, "எவ்வளவு டிகிரி குளிரும் டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அளந்து பார்க்கலாமா என்று அவளே கேட்டாள். மானாமதுரை மண்பாண்டங்களுக்கும் கடத்துக்கும் பெயர் பெற்ற ஊர். எங்கள் வகுப்பிலேயே ஒரு மாணவனின் குடும்பம் சக்கரத்தில் பானை வனையும் குடும்பம். அவன் தாத்தா ஒரே மண்ணில், ஒரே அளவில் இரண்டு பானைகளைச் செய்து கொடுத்தார். "தண்ணிப் பானை கசியணும் டீச்சரம்மா. மணலைக் கூட்டிக் குறைச்சுத்தான் அந்தக் கசிவை வாங்கணும்" என்று அவர் சொன்னதை மாணவர்கள் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு பானையை அப்படியே வைத்துக்கொண்டோம். இன்னொன்றின் வெளிப்புறம் முழுவதும் எனாமல் பெயிண்ட் அடித்துத் துளைகளை அடைத்தோம். மூன்றாவதாக ஓர் எவர்சில்வர் குடம். மூன்றிலும் 3 லிட்டர் தண்ணீர், மூன்றுக்கும் ஒரே மாதிரியான தட்டு மூடி, மூன்றும் வேப்பமர நிழலில் ஒரே பலகையில். முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. பள்ளி வெப்பநிலைமானிகள் இரண்டே இருந்ததால், ஒரு பையன் வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கும் மின்னணு வெப்பநிலைமானியைக் கொண்டுவந்து பானைக்குள் வைத்தான். அது 'லோ' என்று மட்டுமே காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று அவன் பயந்து போனான். உடல் வெப்பநிலையை அளப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிக்கு ஒரு குறுகிய எல்லைதான் உண்டு, பழைய பாதரச மருத்துவ வெப்பநிலைமானியில் 35 முதல் 42 டிகிரி வரை மட்டுமே கோடுகள் இருக்கும் என்பதைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருந்தும், அந்த 'லோ' என்ற எழுத்துகளைப் பார்த்த பிறகுதான் வகுப்புக்கே அது புரிந்தது.

ஆடிக் காற்று வீசிய நாள்களில் எடுத்த அளவீடுகள் மிகத் தெளிவாக வந்தன. பிற்பகலில் நிழலில் காற்றின் வெப்பநிலை 34 டிகிரி செல்சியஸ். குடத்துத் தண்ணீர் 33. பெயிண்ட் அடித்த பானையிலும் ஏறத்தாழ அதே அளவு. வெறும் பானையில் 28. வானவில் மன்றக் கருத்தாளர் ஒருவர் வந்திருந்தபோது, இரண்டாவது வெப்பநிலைமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறிப் பார்க்கச் சொன்னார். அது 26 காட்டியது. அன்றைய காற்றில் ஆவியாதல் மட்டுமே கொண்டு தண்ணீரை அந்த அளவுக்குக் கீழே குளிர்விக்க முடியாது என்பதை அந்த எண் சொல்லியது. பானை அந்த எல்லைக்கு இரண்டு டிகிரி அருகில் வந்திருந்தது.

அடுத்து எடையைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு மளிகைக் கடை எடை இயந்திரத்தில் காலையில் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை. வெறும் பானை ஒரு முழு நாளில் ஏறத்தாழ 150 கிராம் இழந்திருந்தது. குடத்தின் எடையில் மாற்றம் தெரியவில்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வந்தது. சாதாரண வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் வேண்டும். 1 கிராம் நீரை 1 டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டியது 4.2 ஜூல்தான். ஆகவே ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம் சுமார் 570 கிராம் நீரை 1 டிகிரி குளிர்விக்கப் போதும். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கேள்வி கேட்ட அதே மாணவி கணக்கைப் போட்டு முடித்திருந்தாள். "150ஐ 570ஆல் பெருக்கி 3000ஆல் வகுத்தா 28 டிகிரிக்கு மேல குறையணும் டீச்சர். நமக்கு ஆறுதானே குறைஞ்சிருக்கு? நம்ம அளவு தப்பா?"

வகுப்பு அமைதியானது. அளவீட்டை மாற்றிவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. நானும் விடையைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கண்மாய்க்கரையில் வீடு இருக்கும் ஒரு பையன் சொன்னான்: "மடை தெறந்திருக்கும்போது வரத்துக்கால்லயும் தண்ணி வந்துக்கிட்டே இருந்தா, கண்மாய் வத்தாம ஒரே மட்டத்துல நிக்கும்ல டீச்சர், அது மாதிரிதான்." ஆவியாதல் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது, சுற்றியுள்ள வெப்பக் காற்று பானைக்குள் வெப்பத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடுகிறது. இதைவிடச் சரியான ஒப்புமையை என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எடுத்த அளவீட்டில், காற்று 27 டிகிரி, ஈரத்துணி சுற்றிய வெப்பநிலைமானி 26, பானைத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஒரு டிகிரிகூட முழுதாகக் குளிரவில்லை. "மழை நாள் கணக்கை மட்டும் விட்டுடலாமா டீச்சர்? அதைப் பார்த்தா பானை வேலை செய்யலன்னு நினைச்சுக்குவாங்க" என்று குழுவில் இருவர் கேட்டார்கள். முடிவை அவர்களிடமே விட்டேன். ஒரு மதியவேளை முழுவதும் வாதாடினார்கள். கடைசியில் மழை நாள் அட்டவணையைத் தனித் தாளில் பெரிதாக எழுதி, ஆடி மாத அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்கள்.

கண்காட்சி அரங்கில் எங்கள் மேசை பார்வைக்கு எடுப்பாக இல்லை. மூன்று பாத்திரங்கள், இரண்டு வெப்பநிலைமானிகள், கோடு இழுத்துத் திருத்திய நோட்டு. இருபுறமும் விளக்குகள் எரியும் நகரங்களும் புகை கக்கும் எரிமலைகளும் இருந்தன. அவற்றைச் செய்த பிள்ளைகளின் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நடுவர்களில் ஓர் அம்மையார் மட்டும் நீண்ட நேரம் நின்றார். மழை நாள் அட்டவணையைக் காட்டி, இது ஏன் இப்படி வந்தது என்று கேட்டார். "அன்னைக்குக் கொடியில போட்ட துணியும் காயல மேடம். காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைய இருந்தா, துணியிலயும் பானையிலயும் இருக்கிற ஈரம் போக இடம் இல்ல" என்றாள் எங்கள் மாணவி. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அரங்கின் தூணருகில் நின்றுகொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஊசிக்குழல் மாதிரிக்கு முன்னால் திகைத்து நின்ற பெண்ணின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் வேனில் பிள்ளைகள் சிறிது நேரம் வாடியிருந்தார்கள், பிறகு பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். பரிசு கிடைத்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். மூன்று நிமிடத்தில் மேசையைக் கடந்து செல்லும் மதிப்பீட்டு முறையில், நான்கு மாத அளவீடுகளுக்கு இடம் மிகக் குறைவு.

மறுநாள் காலை நான் பள்ளிக்கு வரும்போது, பானை வனையும் வீட்டுப் பையன் மூன்று பாத்திரங்களையும் வேப்பமரத்தடிப் பலகையில் மறுபடியும் வைத்துத் தண்ணீர் நிரப்பியிருந்தான். யாரும் அவனை வைக்கச் சொல்லவில்லை. மாலையில் நோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அன்றைய தேதிக்கு நேராக 27 என்ற எண்ணின் மேல் ஒற்றைக் கோடு இருந்தது. பக்கத்தில் 26 என்று எழுதி, அதன் கீழே, "மேலே இருந்து பார்த்தேன், இடமாறு தோற்றப் பிழை, உட்கார்ந்து கண் மட்டத்தில் மறுபடியும் பார்த்தேன்" என்று குறித்திருந்தான்.