34-ஆம் குழாயில் வந்தது

ஆவாரை வேர்ப்பட்டையில் புதுச் சேர்மம் தேடிப் போன எனக்கு முதலில் கிடைத்தது பிளாஸ்டிக்.

காரைக்குடியில் வாடகைக்கு இருந்த பழைய வீட்டு வளவில்தான் பட்டையை நிழலில் உலர்த்தினேன். வெயிலில் போட்டால் சில சேர்மங்கள் சிதைந்துவிடும். வீட்டுக்கார ஆச்சி கொடுத்த அரிவாள்மனையில் பச்சைப் பட்டையை நறுக்க நறுக்க, வெட்டுவாயெல்லாம் நீலக்கறுப்பாகிவிட்டது. "என்ன தம்பி, மை பூசுனாப்ல இருக்கு?" என்றார். மைதான் ஆச்சி. ஆவாரம்பட்டையில் டானின் ஏராளம். தோல் பதனிட அதனால்தான் பயன்பட்டது. இரும்போடு சேர்ந்தால் கறுக்கும்.

2 கிலோ பொடியை மெத்தனாலில் மூன்று தடவை ஊறவைத்து, வடித்து, ரோட்டரி எவாப்பரேட்டரில் வற்றவைத்தால் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு பசை. அதைத் தண்ணீரில் கலக்கி ஹெக்சேன், எத்தில் அசிடேட் என வரிசையாகப் பிரிக்க வேண்டும். எத்தில் அசிடேட் ஊற்றிப் பிரிபுனலைக் குலுக்கியதும் நடுவில் நுரை கட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீர் விட்டு ஓர் இரவு வைத்த பிறகே தெளிந்தது.

ஹெக்சேன் பகுதியைச் சிலிக்கா ஜெல் நிரப்பிய நீளக் கண்ணாடிக் குழலில் ஏற்றி, இறங்குவதைக் குழாய் குழாயாகப் பிடித்து, ஒவ்வொன்றையும் டிஎல்சி தட்டில் (சேர்மங்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தட்டு) பார்த்தேன். 34-ஆம் குழாயில் ஒற்றைப் புள்ளி, ஒரே சேர்மம் போல! மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனைக்கு வெளியூர் அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். வந்த நிறமாலையில் 7.5, 7.7-இல் பென்சீன் வளையம், 4.2-இல் எஸ்டர். புது எஸ்டர் என்று மனசுக்குள் பெயர்கூட வைத்துவிட்டேன். மூலக்கூறையும் அதன் துண்டுகளையும் எடை போடும் நிறை நிறமாலையில் 391, பக்கத்தில் உயரமாக 149. ஆய்வு வழிகாட்டி ஒரு பார்வைதான் பார்த்தார். "149 இருக்கா? இது செடியிலேர்ந்து வரலப்பா, கேன்லேர்ந்து வந்திருக்கு."

தாலேட். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்ப்பது. கரைப்பான் இருந்த கேனிலிருந்து இறங்கியிருக்கிறது. செடியே இல்லாமல் வெறும் கரைப்பானை வற்றவைத்துப் பார்த்தேன். அதே இடத்தில் அதே புள்ளி. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கரைப்பானைக் கண்ணாடியில் வாலைவடித்து, கண்ணாடியிலேயே வைக்கிறேன்.

அடுத்து வெள்ளை ஊசிப் படிகம் விழுந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஸ்டெராலைக் காட்டும் லீபர்மன் சோதனையில் பச்சை, என்எம்ஆரில் 5.35-இல் ஒரே ஒரு ஹைட்ரஜன், நிறை 414. பீட்டா சிட்டோஸ்டெரால். எந்தச் செடியைப் பிழிந்தாலும் வருகிற சரக்கு.

இப்போது எத்தில் அசிடேட் பகுதியிலிருந்து 4 மில்லிகிராம் கையில் இருக்கிறது. இதுவரை தேடிய எந்த ஆய்வுத்தாளோடும் அதன் புரோட்டான் (ஹைட்ரஜன்) நிறமாலை ஒத்துப்போகவில்லை. ஆனால் கார்பன் நிறமாலை எடுக்க இது போதாது. என்எம்ஆரில் தெரிவது கார்பன்-13 மட்டும்; இயற்கைக் கார்பனில் அது 1.1 சதவீதம்தான். இரவு முழுக்க ஓட்டியும் ஹைட்ரஜன் ஒட்டாத கார்பன்கள் இரைச்சலுக்குள் போய்விட்டன. ஆகவே மறுபடி பட்டை வெட்டியாகிவிட்டது, 5 கிலோ.

இந்தத் தடவை ஆச்சி அரிவாள்மனையைத் தரவில்லை.