நடந்தால் வலிக்கிற காலுக்கு நடைதான் மருந்து

கெண்டைக்காலில் ஒரு வலி. உட்கார்ந்திருக்கும்போது இருக்காது, படுத்திருக்கும்போது இருக்காது. நடக்கத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் சதையை யாரோ கையால் பிடித்து முறுக்குகிற மாதிரி வரும். நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். மறுபடி நடந்தால் கிட்டத்தட்ட அதே தூரத்தில் மறுபடி வரும். வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இப்படிச் சொன்னால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு இருந்தது இதுதான். காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு.

நான் திருநெல்வேலி டவுனில் இருக்கிறேன், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை பல வருஷமாக உண்டு. ரதவீதியில் போனால் வாகையடி முக்கு வருவதற்குள் இடது கால் மறுத்துவிடும். ஏதாவது கடை வாசலில் ஒதுங்கி நிற்பேன். பூக்கட்டுகிற அக்கா ஒருத்தி, "என்ன டீச்சர், யாரை எதிர்பாத்து நிக்கிய?" என்று கேட்பாள். மூட்டுத் தேய்மானம், நரம்பு இழுப்பு, முதுகுவலி இறங்குகிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் நரம்புக்கென்று ஊசியும் போட்டார்கள். வலி அசையவில்லை.

பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வியிலேயே பாதி விஷயம் தெளிந்துவிட்டது. "நின்னாலே போயிடுதா, இல்ல உக்காந்தாதான் போகுதா?" முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டு வருகிற வலி சும்மா நின்றால் போகாது, உட்கார வேண்டும், இல்லையென்றால் முன்னால் குனிய வேண்டும். ரத்தம் போதாமல் வருகிற வலி நின்ற இடத்திலேயே அடங்கும். அப்புறம் பாதத்தில் விரலை வைத்து நாடி பார்த்தார். வலது பாதத்தில் துடிப்பு கிடைத்தது, இடது பாதத்தில் தேட வேண்டியிருந்தது.

ஏபிஐ என்று ஒரு சோதனை எடுத்தார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. படுக்கவைத்து, கையில் பிரஷர் பார்ப்பதுபோல் கணுக்காலிலும் பட்டை சுற்றி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கிற, பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வருகிற எண்தான் ஏபிஐ. 1.0 முதல் 1.4 வரை சரியான அளவு. 0.9க்குக் கீழே போனால் அடைப்பு. எனக்கு இடது காலில் 0.7. ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீண்ட நாள் சர்க்கரை உள்ள சிலருக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். அப்போது பட்டையால் அதை அழுத்த முடியாமல் எண் பொய்யாகக் கூடிக் காட்டும். அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் பார்ப்பார்கள், டாப்ளர் ஸ்கேனும் எடுப்பார்கள்.

காலில் அடைப்பு என்றால் காலோடு நிற்கிற விஷயம் இல்லை. எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் புகுந்து தங்குகிறது, அதைத் தின்ன வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன, சுவர் உள்பக்கமாகத் தடிக்கிறது. இது காலில் நடந்திருந்தால் இதயத்திலும் மூளைக்குப் போகிற குழாயிலும் நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் கால்வலி என்று போன எனக்கு ஈசிஜியும் எக்கோவும் எடுத்தார்கள். கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாடின் மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் எழுதினார்கள். எல்.டி.எல். 138 இருந்தது, 70க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டர்.

ஆபரேஷன், குழாயை விரிக்கிற பலூன் எல்லாம் உடனே வேண்டாம், முதலில் நடக்கச் சொல்கிறேன் என்றார். நடக்க முடியாமல்தானே வந்தோம் என்று எனக்குத் திகைப்பு. ஆனால் முறை இதுதான்: வலி வருகிறவரை நடக்க வேண்டும், லேசாக வந்ததும் நிறுத்திவிடாமல் நன்றாகப் பிடிக்கிறவரை போக வேண்டும், பிறகு நின்று வலி முழுக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். இப்படி நடையும் நிறுத்தமுமாக அரை மணி, போகப் போக முக்கால் மணி. வாரத்தில் மூன்று நாளாவது. குறைந்தது மூன்று மாதம். இதயத்தைச் சோதித்துப் பார்த்து, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ மூச்சு வாங்கினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

விடியும் முன்னால் நான்கு ரதவீதியும் எனக்கு வாய்த்தது. கடைகள் திறந்திருக்காது, வண்டி குறைவு, தரை சமம், நிற்பதற்கு எங்கும் படிக்கட்டு உண்டு. ஆரம்பத்தில் ஒரு வீதிக்குள்ளேயே நின்று நின்று போனேன். அந்த வலி ஆபத்தில்லாத வலி என்று மனசுக்குப் புரியத்தான் நாளானது. சதைக்கு ரத்தம் போதவில்லை என்கிற அந்த நெருக்கடிதான் அதைப் பழக்குகிறது. இருக்கிற ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சதை கற்றுக்கொள்கிறது, குழாயின் உள்சவ்வும் விரிந்து கொடுக்கப் பழகுகிறது என்றார் டாக்டர். ஒருநாள் வாகையடி முக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன், நிற்கவில்லை என்பதே பாதி வீதி போன பிறகுதான் தெரிந்தது. பிறகு ஒரு சுற்று முழுக்க நிற்காமல் வரமுடிந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் எல்லோரும் ஓட்ஸ் ஓட்ஸ் என்றார்கள். ஓட்ஸ் நல்லதுதான், ஆனால் நம் வீட்டில் இருப்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தோலோடு கூடிய கறுப்பு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நம் பக்கத்துச் சாப்பாடு. அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டினேன், தட்டில் காய் பாதிக்கு வந்தது. பயறு பருப்பில் இருக்கிற கரையும் நார் குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. திரும்பப் பித்தநீர் செய்வதற்கு ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. கூட்டாஞ்சோறு வைத்தால் முருங்கைக்கீரை, கத்திரிக்காய், அவரைக்காய் நிறைய, அரிசி கொஞ்சம். சிறுகிழங்கு மாவுச்சத்து என்பதால் சர்க்கரைக்காரர்கள் அளவோடுதான் தொட வேண்டும்.

எண்ணெய்தான் பெரிய வேலை. ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி, எல்.டி.எல்லை ஏற்றுகிற நிறைகொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கு மேல். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஏறக்குறைய 20 சதவீதத்துக்குள்தான். அதனால் தாளிப்புக்கு நல்லெண்ணெய், மற்றதற்குக் கடலை எண்ணெய், ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று பாட்டிலில் கோடு போட்டு வைத்தோம். மருமகள் கேட்டாள், "அத்தை, அப்ப சொதி?" தேங்காய்ப்பால் இல்லாமல் சொதி ஏதும்மா என்றேன். மாதம் ஒரு நாள், அன்றைக்கு முதல் பால், இரண்டாம் பால் எல்லாம் எடுத்து, இஞ்சித் துவையலோடு முறையாக வைக்கிறோம். மற்ற நாள் அவியலுக்கும் கூட்டுக்கும் தேங்காய் ஒரு கரண்டி. அல்வாவை நான் விட்டுவிட்டேன். எனக்கு அதில் நெய்யை விடச் சர்க்கரைதான் பிரச்சினை.

மீனில் சாளைதான் நமக்கு வரம். விலை குறைவு, இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு நிறைய. உவரி, தூத்துக்குடிப் பக்கமிருந்து காலையில் வண்டியில் வரும். வாரம் இரண்டு தடவை, பொரிக்காமல் புளிக்குழம்பாக. கருவாடு மட்டும் வேண்டாம். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம் எல்லாம் சேர்ந்தால் குழம்பில் உப்பே போடாமல் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். அப்பளத்தை விடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இடையில் சொந்தத்தில் ஒருவர் இஞ்சிச்சாறு, பூண்டுச்சாறு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் எல்லாம் காய்ச்சி ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அடைப்பைக் கரைத்துவிடும், மாத்திரையே வேண்டாம் என்றார். அன்போடு கொண்டுவந்தார், அது எனக்குத் தெரியும். ஆனால் சுவருக்குள் இறுகிப்போன அடைப்பைக் குடிக்கிற சாறு போய்க் கரைக்காது. அதிலிருக்கிற தேன் என் சர்க்கரையை ஏற்றும். இதை நம்பி ஸ்டாடினை நிறுத்துகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. பூண்டைக் குழம்பில் போடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

புகையிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று நம் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம், குடிக்கிறவர்களும் ஏராளம். கால் குழாயைக் கெடுப்பதில் புகைக்கு மிஞ்சியது இல்லை. புகையை விடாமல் எந்த மாத்திரையும் எந்த நடையும் முழுப்பலன் தராது. விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

ரத்தம் குறைந்த காலில் புண் வந்தால் எளிதில் ஆறாது. அதனால் சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்கிற எம்சிஆர் செருப்பு வாங்கினேன். தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் வெயில் ஏறினால் கல் கொதிக்கும். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்புளம்தான் தெரியும். காலையிலேயே போய்விடுகிறேன், சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன்.

மறுபடி ஏபிஐ எடுத்தபோது 0.7 அப்படியேதான் இருந்தது. நெஞ்சு ஒரு நிமிடம் துணுக்குற்றது. டாக்டர் அதை எதிர்பார்த்தே இருந்தார். நடையால் அந்த எண் பெரும்பாலும் மாறாது, நடக்கிற தூரம்தான் மாறும் என்றார். எல்.டி.எல். 66க்கு இறங்கியிருந்தது. இறங்கியதால் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டேன். மாத்திரையால்தான் இறங்கியிருக்கிறது, நிறுத்தினால் ஏறிவிடும் என்றார். படுத்திருக்கும்போதே கால் வலித்தால், பாதம் சில்லிட்டு வெளுத்தால், விரல் கறுத்தால், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் நடை மருத்துவத்தை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை மருமகள் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள்.