நேர்காணலுக்குப் புடவையா, சுடிதாரா?

சேலம் கருப்பூர் பெரியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட நேர்காணல். "பெரியம்மா, புடவையா, சுடிதாரா?" என்று ஏற்காட்டிலிருந்து தங்கை மகள் போன் செய்தாள். சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவள் நான். துணி விஷயத்தில் சும்மா இருக்க மாட்டேன்.

பட்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டுக்கா போகிறாள்? கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை அவளுக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் வழியை யோசிக்கணும். மேலே ஸ்வெட்டர் கேட்கும் குளிர். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டி வருவதற்குள் கழுத்தெல்லாம் வியர்வை. பஸ் கூட்டத்தில் கொசுவம் நசுங்கினால் எங்கே நின்று சரிசெய்வது?

அதனால் வெளிர் நீலத்தில் பருத்திச் சுடிதார், முக்கால் கை. சான்றிதழ்களை எடுத்து நீட்ட இடைஞ்சல் இருக்காது. துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திக்கொள்ளச் சொன்னேன். தன் ஆய்வைப் பற்றிப் பேசுகிற பெண்ணின் கை துப்பட்டாவைத் தேடிப் போகவே கூடாது. பேச்சு அங்கேயே அறுந்துவிடும். புதுத் துணியென்றால் ஒருமுறை துவைத்து, போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட வேண்டும். வளையல் மேசையில் இடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மாவோட பச்சைப் புடவை கட்டணும்னு ஆசையா இருக்கு பெரியம்மா" என்றாள். சரி, கட்டிக்கொள்ளட்டும். முந்தின நாளே இங்கே வந்து தங்கச் சொல்லியிருக்கிறேன். கொசுவம் நானே எடுத்துவிடுவேன். இங்கிருந்து கருப்பூருக்கு ஆட்டோவில் அனுப்பிவிடலாம்.